ஆறாவது வாரத்தில் சொன்ன சாட்சி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

கடிதம் என்றால் ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குவதுதான் என் பழக்கம். இந்தத் தடவை மன்னிப்பு கேட்டுத் தொடங்க வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று உன்னைப் பற்றிப் பேசிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பேசிவிட்டேன். நீ செமினி ஊருக்குக் குடிபோய் மூன்று வாரம்தான் ஆகிறது. நம் சபை கிரேஸ் ஆன்டியோ வேறு யாரோ உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு சிரிக்கும் பொம்மையைப் பதிலாகப் போடுவாய். நானும் அதைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அந்த வழி நம் இரண்டு பேருக்கும் ரொம்பப் பழகிப்போய்விட்டது.

சபையில் பேசியதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உன் அண்ணனும் நீயும் பேசக் கற்றுக்கொள்வதற்குள்ளேயே நான் உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பட்டம் கொடுத்துவிட்டேன். டேனி முணுமுணுப்பு. நீ சிரித்த முகம். அவனுக்குச் சோறு சூடாக இருந்தாலும் குறை, ஆறினாலும் குறை. உனக்கு எதுவும் குறையில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பேன். உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அத்தை குடும்பத்தோடு காஜாங்கில் குச்சியில் சுட்ட சாத்தே கறி சாப்பிடப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? டேனி சாத்திய கார்க் கதவில் உன் விரல் மாட்டிக்கொண்டது. "என்னாச்சும்மா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்று சிரித்தாய். இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு வலது கையால் குச்சி குச்சியாகச் சாத்தே தின்றாய். நான் அத்தையிடம், "பாத்தியா அக்கா, என் மகளை? அழவே மாட்டா. இதே டேனியா இருந்தா காஜாங்கே கூடியிருக்கும்" என்று பீற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நகம் கறுத்து, விரல் வீங்கிக் கிடந்தது. கிளினிக்கிலும் டாக்டரிடம் உன் தைரியத்தைத்தான் பேசினேனே தவிர, உன்னிடம் வலிக்கிறதா என்று கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நம் வீட்டில் டேனி அழுதான், பால் குடித்தான். நீ சிரித்தாய், உனக்குப் பாராட்டு கிடைத்தது. ஒன்பது வயதில் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியிருக்கும். வளர்ந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டால் பசி தெரியாமல் போய்விடுகிறது.

இதை நான் எங்கே கற்றேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பழியைத் தள்ளுவதற்காக இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். வீட்டில் யாராவது அழ ஆரம்பித்தால் உன் தாத்தா எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். துக்கத்துக்கு எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். உன்னைப் போல ஒரு பிள்ளை பிறந்தபோது, ரேடியோவே தேவைப்படாத பிள்ளை என்று நான் சந்தோஷப்பட்டேன் போலிருக்கிறது.

அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் உனக்கு மனச்சோர்வு வந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் சேலைகூட மாற்றாமல் படுத்துக்கொள்வாய். தட்டில் சோறு அப்படியே இருக்கும். உன் அம்மாதான் கண்டுபிடித்து, பிடிவாதமாக அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். நானும் வந்தேன். அந்த மலாய்க்கார டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். நீ உன்னை எப்படிப்பட்ட ஆள் என்று சொல்வாய் என்று உன்னைக் கேட்டார். நீ வாய் திறப்பதற்குள் நான், "ஷி இஸ் வெரி ஜாலி, டாக்டர். ஆல்வேஸ் ஸ்மைலிங்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், ஐ ஆஸ்க்ட் ஹர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீ ரொம்ப நேரம் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐ டோன்ட் நோ" என்றாய். என் மகளுக்குத் தன்னைப் பற்றித் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பதிலை முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் பறித்துக்கொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். ஆறாவது வாரத்தில் நீ இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாய். அம்மா ராகம் தப்பிப் பாடியதைக் கேட்டுச் சிரித்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது காரில் நாம் பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"பாப்பா, இன்னைக்குச் சாட்சி சொல்லுறியாம்மா?"

"இப்பவேவாப்பா? டாக்டர் இன்னும் மருந்த நிறுத்தலயே."

"நன்றி சொல்றதுக்கு நேரம் காலம் பாக்கணுமா? சும்மா ரெண்டு வரி லா. சுகம் கெடச்சிருச்சு, பழைய மாதிரி ஆயிட்டேன்னு சொன்னா போதும்."

நீ சிரித்தாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைவீட்டு மாடியில் இருக்கிற நம் சின்னச் சபையில் சாட்சி என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காணிக்கைக்கு முன்னால் பாஸ்டர் மைக்கை நீட்டுவார். பரீட்சை தேறியவன் எழுந்திருப்பான், கட்டி கரைந்தவள் எழுந்திருப்பாள், கர்த்தர் செய்தார் என்று சொல்வார்கள், எல்லாரும் கை தட்டுவோம். இத்தனை வருடத்தில் இன்னும் முடியவில்லை, பாதிதான் குணமாகியிருக்கிறது, நாளைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது என்று ஒருத்தர்கூட எழுந்து சொன்னதில்லை. சாட்சி என்றால் கதை முடிந்திருக்க வேண்டும். ஷா ஆலம் ஃபேக்டரியில் இருபத்தாறு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். சோதனை முடியாத பெட்டியில் எவனாவது பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் சட்டையைப் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், ஆறாவது வாரத்தில் என் மகள் நெற்றியிலேயே ஒட்டினேன்.

நீ எழுந்து சொன்னாய். "எனக்கு டிப்ரஷன் இருந்துச்சு. கர்த்தர் சுகம் தந்துட்டாரு. இப்ப பழைய மாதிரி ஆயிட்டேன்." கை தட்டல் ஓயவே இல்லை. தேநீர் நேரத்தில் கறிபப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் உன்னைச் சுற்றிக் கூட்டம். அன்றிலிருந்து யார் வீட்டுப் பிள்ளை சோர்ந்திருந்தாலும் உன்னிடம் கூட்டிவந்தார்கள். நீ எல்லாருக்கும் ஆறுதல் சொன்னாய். நான் தூரத்தில் நின்று கறிபப் தின்றுகொண்டே பார்த்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஐந்து மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, பல்பு வாங்கக் கிள்ளான் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனவன் கார் பார்க்கில் உன் காரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாய். இஸ்திரி போட்ட சேலை. முன்னால் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பா. கண் திறந்துதான் இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். நீ எழுந்து கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்துச் சிரித்தாய். பாப்பா, நீ அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

எட்டு நாளாக லீவு போட்டுவிட்டு, எங்களுக்குத் தெரியக்கூடாது என்று தினமும் ஆறரைக்குச் சேலை கட்டிக் கிளம்பி, இங்கே வந்து படுத்திருந்திருக்கிறாய். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"எப்படிப்பா சொல்றது? சாட்சி சொல்லிட்டேன்ல. எல்லாரும் கை தட்டிட்டாங்கல்ல."

"அதனால என்னம்மா?"

"மறுபடியும் வந்துருச்சுன்னு சொன்னா, அன்னைக்கு நான் பொய் சொன்னதா ஆயிரும்ப்பா. கடவுளையும் சேத்து பொய்யாக்குன மாதிரி ஆயிரும்."

அந்த டப்பாவைத் திறந்து இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி இட்லி தின்றோம். பிறகு வீட்டுக்கு வந்தோம்.

மறுபடியும் அந்த டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ சம்மதித்த பிறகுதான் அவர் என்னிடம் பேசினார். சில சுபாவக்காரர்களுக்கு, எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு, இந்த நோய் கொஞ்சம் சுலபமாக வரலாம், ஆனால் வராது என்று எந்தச் சுபாவத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்றார். உங்கள் மகளுக்கு நோய் ஒரு பாரம், 'நான் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று நினைத்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய பாரம் என்றார். நான் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள்தான். ஆனாலும் அன்றைக்கு எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை.

அதிலிருந்து நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இந்த நோய் நம் வீட்டில் யாருக்காவது வருமென்றால் டேனிக்குத்தான் வரும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். அவன் வேலை போனபோது கிள்ளானில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் புலம்பினான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் என்னவோ புலம்பிவிட்டு வந்து குறட்டை விட்டுத் தூங்கினான். அவன் பாரத்தை வழியிலேயே இறக்கிவிட்டு வருகிறவன். நீ வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்து, கனமில்லாத மாதிரி நடக்கிறவள். இதைச் சொல்லிவிட்டு, அவனுக்கு வரவே வராது என்று இன்னொரு பட்டமும் கொடுத்துவிடக்கூடாது. பட்டம் கொடுக்கிற புத்தி எனக்கு அவ்வளவு லேசில் போகாது. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்று கேட்டாய். "அப்போ நான் இத்தன வருசம் சிரிச்சதெல்லாம் பொய்யாப்பா?" அன்றைக்கு "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மழுப்பினேன். இப்போது யோசித்துச் சொல்கிறேன். பொய் இல்லை. அம்மா ராகம் தப்பும்போது நீ சிரிப்பது நிஜம். வகுப்பில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிவது நிஜம். நீ சுபாவத்திலேயே சந்தோஷமானவள்தான், உனக்கு நோயும் வந்தது, இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்கலாம். காஜாங்கில் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாயே, அது மட்டும்தான் உன்னுடையது இல்லை. அது என்னுடையது. நான் கேட்டேன் என்று நீ கொடுத்தாய். அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. சிரிப்பு வரும்போது சிரி. வராதபோது யாருக்காகவும் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. வாத்தியார் முகம், சபை முகம், அப்பாவுக்குக் காட்டும் முகம் என்று மாற்றி மாற்றி வைத்தால் கடைசியில் டாக்டர் கேட்கும்போது நமக்கே தெரியாமல் போய்விடுகிறது.

செமினிக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன் என்று நீ சொன்னபோது நான் குதித்தேன். கல்யாணம் ஆகாத பெண் தனி வீடு எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கத்தினேன். "அங்க யாருக்கும் என்னத் தெரியாதுப்பா" என்றாய். அது உனக்கு ஒரு குறை என்று நினைத்து அதையே பிடித்துக்கொண்டு வாதாடினேன். நீ அதற்காகத்தான் போகிறாய் என்பது, நீ சாமான்களை லோரியில் ஏற்றிவிட்டுப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பாஸ்டர் ஃபோன் செய்தார். அடுத்த மாதம் வாலிபர் ஞாயிறு, உங்கள் மகள் வந்து அந்தச் சாட்சியை மறுபடியும் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமாக இருக்கும் என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன்? "கண்டிப்பா வருவா பாஸ்டர்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும். ஃபோனை வைத்த பிறகுதான் செய்ததன் லட்சணம் தெரிந்தது. பயந்துபோனேன் பாப்பா. நான் கூப்பிட்டால் நீ வருவாய். சேலை கட்டிக்கொண்டு வந்து சிரித்துக்கொண்டே சொல்வாய். அடுத்த தடவை சோர்ந்து படுக்கும்போது செமினியில் எந்தக் கார் பார்க்கில் தேடுவேன்? யாரிடம் கேட்பேன்?

அதனால் பாஸ்டர் மைக்கை நீட்டியபோது நான் எழுந்தேன். "என் மகளுக்குச் சுகம் ஆகறதுக்கு முன்னாடியே நான்தான் அவள இங்க எழுப்பி நிக்க வெச்சேன். எனக்குப் பொறுமை இல்ல. அவளுக்கு அது திரும்பி வந்துச்சு. இங்க கை தட்டினதுனால அவளால எங்ககிட்ட சொல்ல முடியல. அடுத்த மாசம் அவ வரமாட்டா" என்று சொல்லி உட்கார்ந்தேன். கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் ஜெபம் பண்ணுவோம் என்றார். தேநீர் நேரத்தில் கிரேஸ் ஆன்டி, "கெட்டத இப்படி வாயால அறிக்க பண்ணலாமா பிரதர்? விசுவாசக் கொறச்சல் இல்லயா?" என்றார். நான் "இருக்கும் சிஸ்டர்" என்றேன். உள்ளுக்குள் பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பு.

காரில் ஏறியதும் உன் அம்மா கேட்டாள். "அவளக் கேட்டீங்களா?"

"எத?"

"இப்ப எந்திரிச்சு பேசுனீங்களே, அத. அன்னைக்கும் அவளக் கேக்காம பேச வெச்சீங்க. இன்னைக்கும் அவளக் கேக்காம நீங்க பேசிட்டீங்க. என்னாங்க வித்தியாசம்?"

தப்பைத் திருத்தப் போன இடத்திலும் அதே தப்பைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். உன் நோய் உன்னுடையது, அதைச் சொல்வதும் மறைப்பதும் உன் இஷ்டம். புத்தி சொல்லத்தான் அப்பாக்கள் கடிதம் எழுதுவார்கள். என்னிடம் இருக்கிற புத்தி இவ்வளவுதான்: மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே. செமினியில் ஒரே ஒரு ஆளிடமாவது இன்றைக்கு முடியவில்லை என்று சொல்லிப் பழகு. அந்த ஆள் நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பாப்பா, இந்த இடம்வரை எழுதி நிறுத்தியிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு உன் ஃபோன் வந்தது. கிரேஸ் ஆன்டி என்னை முந்திவிட்டார். நீ பேசியது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதி வைக்கிறேன், எனக்கு அது வேண்டும். "யாரக் கேட்டு பேசுனீங்க? எனக்கு அசிங்கமா இருக்கு. நான் ஒங்க மேல ரொம்பக் கோவமா இருக்கேன்ப்பா. சனிக்கெழம நான் வரல. ஃபோன் பண்ணாதீங்க." நான் "சரிம்மா" என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாய்.

சமையல்கட்டிலிருந்து அம்மா, "யாருங்க?" என்றாள்.

"பாப்பா. திட்டுறா."

"யாரு? நம்ம பாப்பாவா?" கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னா சொன்னா, சொல்லுங்க." ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

சனிக்கிழமை வராதே. கோபம் தீருகிறவரை வராதே, அவசரமில்லை. நான் ஃபோன் செய்யமாட்டேன், இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். நீ என்னைத் திட்டியதில் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உனக்கு இருபத்தொன்பது வயதாகிறது, நீ எப்படி இருக்கிறாய் என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அப்பா